மாதாவின் திரையைத் தோய்த்த கதை

1

மன்னாரில் இருந்து இதை வாசிக்கப்போகிற சனங்களே, நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வென்றுவிட்டேன். ஒரு பக்கம் கத்தோலிக்க சபை, மறுபக்கம் புரட்டஸ்தாந்து சபை, நடுவில் வாளியும் தும்புத்தடியுமாக நான். ஐந்நூறு வருசமாகத் தீராத வழக்கு ஒன்றுக்குள் தெரியாமல் காலை வைத்துவிட்டு, முழுசாக வெளியே வந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கைவிட்ட ஒருத்தனுக்கு இது சின்ன வெற்றி இல்லை. எழுத்துப் பிழைகளைப் பத்திரிகைக்காரர் திருத்தட்டும். என் பெருமையை மட்டும் அவர்கள் திருத்த வேண்டாம்.

இந்த ஆவணியோடு நான் ஜெர்மனிக்கு வந்து இருபது வருசம். என்னோடு வந்தவர்களில் ஒருவர் வுப்பர்டாலில் இரண்டு கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் மாடி வீடு வாங்கி, பால் காய்ச்சப் போனவர்களைச் சப்பாத்துக் கழற்றவைத்துத்தான் உள்ளே விட்டார். நான் சேர்த்தது ஒரு மனைவி, ஒரு மகள், கொஞ்சம் கொலஸ்ட்ரோல்.

ஹம் என்ற ஊரில், கம்பி இழுக்கிற தொழிற்சாலை ஒன்றில் பதினேழு வருசம் நின்றேன். அதை மூடிவிட்டார்கள். பிறகு இரண்டு வருசம், வேலை அலுவலகத்தில் தெர்மீன் என்கிற சந்திப்பு நேரம் எடுப்பதும், அந்தத் தெர்மீனுக்குப் போய் அடுத்த தெர்மீனை வாங்கி வருவதும்தான் வேலை. பிரஜாவுரிமைக்குப் போட்ட அந்திராக், அதாவது விண்ணப்பமும் படுத்த படுக்கை. "நிரந்தர வேலைக் கடிதம் கொண்டு வாங்கோ, பிறகு பாப்பம்" என்பது அந்தக் கந்தோர்ப் பெண்ணின் ஒரே மந்திரம்.

எனக்காக நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஆனால் மகள் டிலானி இங்கேயே பிறந்தவள். அவளுடைய வகுப்பு லண்டனுக்குச் சுற்றுலா போனபோது, எங்கள் அகதிக் கடவுச்சீட்டுக்கு விசா நேரத்துக்கு வரவில்லை. முழு வகுப்பும் போனது. இவள் மட்டும் அந்தக் கிழமை கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து கணக்குச் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது பகிடி சொல்லிச் சமாளித்திருப்பேன்.

அப்படியிருக்க, இந்தப் பங்குனியில் வேலை அலுவலகப் பெண் ஒரு தாளை எடுத்து, "கோயில் வேலை செய்வீங்களோ?" என்று கேட்டா.

"நான் பிறந்ததே கோயிலடியிலை" என்றேன். "எந்தக் கோயில்? கத்தோலிக்கமோ மற்றதோ?"

தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ரெண்டும்தான்" என்றா.

2

கோயில், ஹம்மிலிருந்து வட்டார ரயிலில் நாலாவது நிறுத்தம். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன், அவர்களுக்கும் மானம் மரியாதை இருக்கிறது. வேலைக்குப் பெயர் கூஸ்டர். திறக்க, பூட்ட, மணி அடிக்க, மெழுகுதிரி கொளுத்த, கூட்ட, துடைக்க ஓர் ஆள். ஆறு மாதம் பரீட்சைக் காலம். அது முடிந்தால் நிரந்தரம்.

இது ஒரு கோயில், இரண்டு சபை. ஞாயிறு ஒன்பது மணிக்குக் கத்தோலிக்கப் பூசை. பத்தே முக்காலுக்குப் புரட்டஸ்தாந்து ஆராதனை. இடையில் கிடைக்கிற முக்கால் மணித்தியாலத்தில் நான் கோயிலை மதம் மாற்ற வேண்டும். யன்னல்களைத் திறந்து சாம்பிராணிப் புகையைத் துரத்த வேண்டும். தீர்த்தத் தொட்டிக்கு மூடி போட வேண்டும். பாட்டு இலக்கப் பலகையில் இலக்கங்களை மாற்ற வேண்டும். கடைசியாக, தூணோடு நிற்கிற மாதா சுரூபத்துக்கு முன்னால் தொங்கும் சாம்பல் நிறத் திரையை இழுத்து மூட வேண்டும்.

"கத்தோலிக்கர் போனதும் மூடு. மற்ற ஆக்கள் போனதும் திற. இதிலை மட்டும் பிழை விட்டிடாதை" என்று எனக்கு முன்னிருந்த கூஸ்டர் மூன்று தரம் சொல்லிவிட்டு ஓய்வுக்குப் போனார்.

கடலில் புயல் கண்டு வலை வளைத்த காலத்தில்கூட நான் இப்படி ஓடியதில்லை.

முதலாளிகளும் இரண்டு பக்கம். கத்தோலிக்க ஃபாதருக்கு நாலு கோயில், ஆளைப் பிடிக்க முடியாது. அதனால் அந்தப் பக்கத்தை ஆள்கிறவர் கோயில் சபைத் தலைவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நான் வைத்த பெயர் மீசையார். மறுபக்கம் பெண் போதகர் ஒருவர். முதல் நாள் மிகவும் பணிவாக "குட்டன் மோர்கன், சிஸ்டர்" என்றேன். அதே நேரம் "மம்மி" என்று கத்திக்கொண்டு மூன்று பிள்ளைகள் ஓடிவந்து அவவின் காலைக் கட்டிக்கொண்டன. நான் நின்ற இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டேன். அவ விழுந்து விழுந்து சிரித்தா. அன்றிலிருந்து எங்களுக்குள் நல்ல ஒட்டு.

அந்தச் சபையில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையும் இருக்கிறா. எண்பது வயது, முதுகு வளையவில்லை. கைப்பைக்குள் எப்போதும் அடிமட்டம். பீடத்தின் பூச்சாடி நடுவில்தான் இருக்கிறதா என்று அளந்து பார்க்கிற ஆள். அவவை அடிமட்ட அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3

இந்தக் கூத்து எப்படி வந்தது? போதகரும் டிலானியும் சொல்லித் தந்ததை எனக்கு விளங்கின மாதிரித் தருகிறேன். படித்தவர்கள் சிரிக்கலாம், எனக்கு அது பழக்கம்.

அந்தக் காலத்தில் பாவத்துக்கு வரவேண்டிய தண்டனையைக் காசு கொடுத்துக் குறைக்கலாம் என்று சீட்டு விற்றார்களாம். ஒரு துறவி எழும்பி, "இதென்ன வியாபாரம்?" என்று கேட்டார். கேள்விகளை எழுதிக் கோயில் கதவில் ஆணி அடித்தார் என்று கதை. அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியும், நான் ஆணிச் சாமி என்றுதான் சொல்வேன். அச்சுக்கூடங்கள் பெருகின காலம் அது. கதவில் அடித்தது நாடு முழுக்கப் பறந்துவிட்டது. பிறகு வேதாகமத்தையும் ஜெர்மன் பாசையில் கொண்டுவந்தார். அதுவரை லத்தீனில் என்ன ஏது என்று தெரியாமல் ஆமென் போட்ட சனம், நாங்களே வாசிக்க வேண்டும் என்று நின்றது. வாசிப்பதற்குப் பள்ளிக்கூடம் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் வேண்டும். நான் அப்போது இங்கே பிறந்திருந்தால், வள்ளத்துக்குக் கீழே ஒளித்திருந்தாலும் இழுத்து வந்து இருத்தியிருப்பார்கள்.

சுரூபங்களைக் கும்பிடக் கூடாது என்றார்கள். மடங்களை மூடினார்கள். சாமிமார் கலியாணம் கட்டினார்கள். ஆணிச் சாமியே மடத்தை விட்டு வந்த ஒரு கன்னியாஸ்திரியைக் கட்டிப் பிள்ளை குட்டி பெற்றார். தெருவில் பிச்சை எடுக்காதே என்று சொல்லி, ஏழைகளுக்கென்று ஊருக்கு ஒரு பெட்டி வைத்தார்கள். "நீங்கள் வரிசையிலை நிக்கிற கந்தோர் அந்தப் பெட்டியின்ரை பேரப்பிள்ளை" என்று டிலானி சொன்னாள். அர்ச்சியசிட்டவர்கள் என்கிற புனிதர்களின் திருநாட்களையும் வெட்டிவிட்டார்கள். திருநாள் குறைந்தால் லீவு குறையும், லீவு குறைந்தால் வேலை கூடும். இந்த ஜெர்மன்காரன் ஏன் வேலை வேலை என்று சாகிறான் என்று இருபது வருசம் மண்டையை உடைத்தேன். இப்போது ஆளைப் பிடித்துவிட்டேன்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஊரை ஆள்கிறவன் எந்தச் சபையோ சனமும் அந்தச் சபைதான் என்று சட்டம் போட்டார்கள். பிடிக்காதவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போகலாம், அதற்கு உரிமை உண்டாம்.

"அப்ப அகதி அந்திராக் அப்பவே இருந்திருக்கு" என்றேன்.

டிலானி சிரிக்கவில்லை. "பிறகு முப்பது வருசம் சண்டை, அப்பா. சில ஊருகளிலை ஆக்களே மிஞ்சேல்லை" என்றாள். பாதி ஜெர்மனில், பாதி தமிழில். அவளுடைய தமிழ் இப்போது என்னுடைய ஜெர்மன் மாதிரி, தேவைக்கு மட்டும் வெளியே வரும். தமிழ்ப் பூசைக்கு வருவதையும் பதினைந்து வயதில் விட்டுவிட்டாள்.

இந்த ஊரை ஆண்டவர்கள் மாற மாற, சனம் மூன்று தரம் சபை மாறியது. கடைசியில் யாரும் யாரையும் துரத்த முடியவில்லை. கோயிலோ ஒன்று. முறை வைத்துப் பாவிப்போம், மாதாவுக்குத் திரை போடுவோம் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். எழுதினார்களே ஒழிய ஒற்றுமை ஆகவில்லை. பாப்பரசர் கலண்டரைத் திருத்தியபோது, புரட்டஸ்தாந்துக்காரர் நூறு வருசத்துக்கு மேல் பழைய கலண்டரை விடவில்லை. ஒரே தெருவில் ஒரு வீட்டில் பாலன் பிறந்து நத்தார் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் பக்கத்து வீட்டில் நத்தார்!

போதகர் இன்னொன்றும் சொன்னா. அவவின் ஜெர்மனை என் தமிழில் தருகிறேன்: "பெரிய வெள்ளி எங்களுக்குப் பெரிய நாள். அண்டைக்கெண்டு பாத்துக் கத்தோலிக்கர் உடுப்புத் தோய்ச்சுக் காயப்போடுவினமாம். எங்கடை ஆக்கள் விடுவினமோ? அவையின்ரை நற்கருணைப் பவனி போகேக்கை வயலுக்கு எரு இறைப்பினமாம், நல்லா மணக்கட்டும் எண்டு."

இந்தச் சண்டையின் வால் மன்னாருக்கும் வந்து அடித்தது உங்களுக்குத் தெரியும். புரட்டஸ்தாந்துக்காரரான ஒல்லாந்தர் எங்கள் கோயில்களைப் பூட்டியபோது, எங்கள் ஆட்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் ஓடினார்கள். அந்த வம்சத்தில் வந்த நான் இங்கே ஒவ்வொரு ஞாயிறும் என் கையாலேயே மாதாவைத் திரையால் மூடுகிறேன். முதல் கிழமைகளில், மூடுவதற்கு முன் "குறை நினையாதை தாயே, வேலை" என்று சொல்லித்தான் இழுப்பேன்.

4

மாதாவின் ஆவணித் திருநாள் வந்தது. ஊரில் அதற்கு முதல் கிழமை கோயில் துணிகளை வீடு வீடாகப் பங்கு போட்டுத் தோய்த்துக் கொடுப்போம். பீடத் துணி கிடைக்கிற வீட்டுக்குத் தனி மதிப்பு. எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் பீடத் துணி வந்ததில்லை, கால் துடைக்கிற சாக்குத்தான் வரும். என் அப்பாவின் வாய் அப்படி. எனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

இங்கே பங்குக்கு யாரும் இல்லை. மாதாவின் திரையைத் தட்டிப் பார்த்தேன், புழுதியில் எனக்கு இருமல் வந்தது. இது மாதாவின் வீட்டுத் துணி, எனக்கே எனக்குக் கிடைத்திருக்கிறது என்று கழற்றி, மடித்து, பயணப் பையில் அடைத்து, ரயிலில் ஹம்முக்குக் கொண்டுவந்தேன்.

என் மனைவி றெஜினாவுக்கு வேலை, முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில். அவ வரும்வரை பொறுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மாதாவுக்குச் செய்கிற வேலையில் அவவுக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கூடின அழுக்குக்குக் கூடின சூடு, இதற்கு என்ன படிப்பு என்று தோய்க்கிற மெசினைத் தொண்ணூற்றைந்து பாகைச் சூட்டுக்குத் திருகினேன்.

திறந்தபோது திரை உள்ளேதான் இருந்தது. ஆனால் வேறு யாருடையதோ போல, சின்னதாக, சப்பாத்து அடி மாதிரித் தடித்துக் கிடந்தது. ஒரு முனையைக் கதவுப் பிடியில் கட்டி, மறுமுனையை இடுப்பில் கட்டி, கரைவலை இழுக்கிற மாதிரி இழுத்தேன். கதவுப் பிடிதான் கழன்றது.

றெஜினா வந்து துணியைத் தொட்டுப் பார்த்தா. "இது கம்பளியெல்லோ! கம்பளியை ஆரும் தொண்ணூற்றைஞ்சிலை போடுவினமே? என்ன, புட்டே அவிச்சனீங்கள்?"

"மாதாவுக்கு ஒரு நேர்த்தி மாதிரி..."

"மாதா கேட்டவவோ?"

5

ஞாயிறு பூசை தப்பியது, அப்போது திரை திறந்துதான் இருக்கும். பிறகு யன்னலைத் திறந்தேன், தொட்டியை மூடினேன், இலக்கங்களை மாற்றினேன், கண்ணை மூடிக்கொண்டு திரையை இழுத்தேன்.

முழங்காலோடு நின்றுவிட்டது. கீழே மாதாவின் இரண்டு பாதம், பாதத்துக்குக் கீழே பிறை, பிறைக்குப் பக்கத்தில் பாம்பின் தலை. குளியலறைத் திரைக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரியே இருந்தது. பூச்சாடியை முன்னால் வைத்துப் பார்த்தேன். பூவுக்குள்ளிருந்து பாம்பு எட்டிப் பார்த்தது. இன்னும் மோசம். எடுத்துவிட்டேன்.

எல்லோரும் தலை குனிந்து மௌனமாகச் செபிக்கிற நேரம், போதகரின் கடைக்குட்டி எழும்பி நின்று கத்தியது: "மம்மி, அங்கை ஆரோ ஒளிச்சு நிக்கினம்!"

போதகர் வேதாகமத்துக்குள் முகத்தை வைத்தா. தோள் குலுங்கியது. அழுகிறா என்று நினைத்துக் கொஞ்சப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஆராதனை முடிந்ததும் அடிமட்ட அம்மா கைப்பையைத் திறந்துகொண்டு நேரே தூணடிக்குப் போனா. திரை நாற்பத்தொரு சென்ரிமீற்றர் கட்டை.

புதன்கிழமை எனக்கு இரண்டு கடிதம். ஒன்று ஒப்பந்தத்தை மீறியதாக, மற்றது மாதாவைச் சிரிப்புக்கிடமாக்கியதாக. இரண்டிலும் கடைசி வரி ஒன்றுதான்: என் வேலையைத் தொடர்வதா என்று இரு சபையும் கூடி முடிவெடுக்கும். இரண்டு சபையும் ஒரே அறையில் கூடியதாக அந்த ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பரீட்சைக் காலம் முடிய மூன்று கிழமை இருந்தது.

கடிதங்களை வாசித்துச் சொன்ன டிலானி, "தொண்ணூற்றைஞ்சு, அப்பா?" என்றாள். பிறகு ஜெர்மனில் ஒரு சொல். வெட்கக்கேடு என்று அர்த்தம். அவள் பதின்மூன்று வயதிலிருந்து என்னோடு அதிகம் பாவிக்கிற சொல் அதுதான்.

"மொழிபெயர்க்க வாறியோ?" என்று கேட்டேன்.

கடிதங்களை மடித்து உறைக்குள் வைத்தாள். "வாறன். ஆனா பகிடி விடாதேங்கோ. ஒரு பகிடியெண்டாலும் நான் எழும்பிப் போயிடுவன்."

6

நீள மேசை. ஒரு கரையில் கத்தோலிக்கர் ஆறு பேர், மறு கரையில் புரட்டஸ்தாந்துக்காரர் ஆறு பேர். கரைக்கு ஒரு கோப்பிப் போத்தல். நானும் டிலானியும் மேசையின் தலைமாட்டில். நடுவில் என் திரை, செத்த மிருகம் மாதிரி.

ஃபாதர் வழமைபோல் வேறு கோயிலில். மீசையார் முதலில் எழும்பினார். "இந்த மனுசனை அனுப்பிவிடுறதுதான் சரி. எங்கடை பக்கம் முடிவெடுத்திட்டுது. நீங்களும் கையை உயர்த்தினால் கோப்பி ஆற முன்னம் முடிக்கலாம்."

டிலானி அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். எனக்கு ஏற்கெனவே விளங்கிவிட்டது. "அனுப்பிவிடுதல்" என்பதற்கு ஜெர்மனில் எத்தனை சொல் உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும்.

போதகர் பழைய ஒப்பந்தத்தின் பிரதியை விரித்தா. "கூஸ்டர் ரெண்டு சபைக்கும் பொது. வைக்கிறதெண்டாலும் விலக்கிறதெண்டாலும் ரெண்டு பக்கமும் ஒரு வாயாச் சொல்லவேணும். முதல் அவர் பேசட்டும்."

எழும்பினேன். வாய்க்குள் ஐந்தாறு பகிடி வரிசையில் நின்றது. டிலானியைப் பார்த்தேன். விழுங்கினேன்.

"நான்தான் தோய்ச்சனான்" என்றேன். "ஆரும் சொல்லேல்லை. எங்கடை ஊரிலை திருநாளுக்கு மாதாவின்ரை துணி தோய்க்கிறது பெரிய மரியாதை. எங்கடை வீட்டுக்கு அது ஒருநாளும் கிடைக்கேல்லை. இஞ்சை கிடைச்சுது. அவிச்சுப்போட்டன். என்ரை பிழை."

டிலானி சொன்னாள். நான் தொடர்ந்தேன்.

"உங்கடை சண்டை எங்கடை கரைக்கும் கப்பலிலை வந்தது. எங்கடை ஆக்கள் மாதாவைக் காட்டுக்கை கொண்டுபோய் ஒளிச்சவை. நான் முதல் இந்தத் திரையைக் கண்டிட்டுக் கோவிச்சன். இப்ப கோவம் இல்லை. நீங்கள் முப்பது வருசம் வெட்டிக் குத்திப்போட்டு, கடைசியிலை ஒரு சீலையும் ஒரு நேர அட்டவணையும் கண்டுபிடிச்சிருக்கிறியள். எங்கடை நாட்டிலை இப்பவும் அடிபடுகினம். எங்களுக்கு இன்னும் அந்தச் சீலை கிடைக்கேல்லை. கிடைச்ச இடத்திலை நான் சுருக்கிப்போட்டன். அதுதான் எனக்குக் கவலை."

டிலானி என்னைப் பார்த்தாள். பிறகு எழும்பி நின்று சொன்னாள், நிதானமாக, ஒரு சொல்லையும் விடாமல். நான் சொன்னதைவிட அவள் சொன்னது நீளம். அதில் லண்டன் என்ற சொல்லும் வந்தது. நான் லண்டனைச் சொல்லவில்லை.

அடிமட்ட அம்மாதான் வாய் திறந்தா.

"பாட்டு இலக்கப் பலகை. ஐஞ்சு மாசத்திலை ஒரு இலக்கம் பிழைச்சதோ?"

பதிலுக்குக் காத்திராமல் கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தா.

"முந்தின கூஸ்டர் மாசத்திலை ஒருக்கா எங்களைப் பிழையான பாட்டுப் பாடவைச்சவர். நான் எழுதி வைச்சிருக்கிறன்." மீசையார் பக்கம் திரும்பினா. "அதோடை, நீங்கள் வீட்டிலையே முடிவெடுத்திட்டு வந்து, எங்களைக் கை உயர்த்தச் சொல்லுறியளோ? இந்த மனுசன் நிக்கட்டும்."

அந்தக் கரையில் ஆறு கை உயர்ந்தது.

மீசையாரின் மீசை இரண்டு தரம் ஏறி இறங்கியது. அவருக்குப் பக்கத்திலிருந்த பெண்மணி குனிந்து, மேசை முழுக்கக் கேட்கிற இரகசியம் ஒன்று சொன்னா: "மாதாவுக்குத் துணி தோய்க்கிற மனுசனைப் புரட்டஸ்தாந்துக்காரர் வைச்சிருக்க, கத்தோலிக்கர் நாங்கள் துரத்தினதெண்டு ஊர் கதைக்கும்."

"ஆர் துரத்தினது?" என்றார் மீசையார். "அவர் எங்கடை ஆள்! அவையைவிட எங்களுக்குத்தான் அவர் கூட வேணும்!"

கை உயர்ந்தது. மொத்தம் பன்னிரண்டு. ஒருவரை ஒருவர் தோற்கடிக்கப் புறப்பட்ட ஐந்நூறு வருசமும் சேர்ந்து என்னைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டது.

புதுத் திரைக்கு என்ன நிறம் என்பதில் அடுத்த சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. இன்னும் முடியவில்லை. முடிய எத்தனை தலைமுறையோ. அதுவரைக்கும் கட்டைத் திரைதான்.

7

பரீட்சைக் காலம் முடிந்ததும் நிரந்தர ஒப்பந்தம் எழுதினோம். பிரஜாவுரிமைக் கந்தோரில் டிலானி ஏற்கெனவே தெர்மீன் எடுத்து வைத்துவிட்டாள், மூன்று பேருக்கும். என்னைக் கேட்கவே இல்லை.

கடதாசியில் இடது பக்கம் கத்தோலிக்க சபையின் முத்திரை, மீசையாரின் கையெழுத்து. வலது பக்கம் மற்றச் சபையின் முத்திரை, போதகரின் கையெழுத்து. சாட்சிக்கு அடிமட்ட அம்மா. எல்லாவற்றையும் யோசித்தவர்கள் என் கையெழுத்துக்கு இடம் விட மறந்துவிட்டார்கள்.

"இஞ்சாலை வையுங்கோ" என்று மீசையார் இடது பக்கத்தைக் காட்டினார்.

"இல்லை, இஞ்சை" என்று அடிமட்ட அம்மா வலது பக்கத்தைக் காட்டினா.

பேனையை வைத்துக்கொண்டு நின்றேன். டிலானி என் காதுக்குள், "அப்பா, தமிழிலை வையுங்கோ. முழுப் பேரும்" என்றாள்.

இரண்டு முத்திரைக்கும் நடுவில் தொடங்கலாம் என்றுதான் பார்த்தேன். என் பெயர் அதற்கு அடங்கவில்லை. இடது முத்திரைக்குக் கீழே தொடங்கி, நடுவைத் தாண்டி, வலது முத்திரைக்குக் கீழே போய் முடித்தேன்: செபஸ்தியாம்பிள்ளை.

ஒன்பது எழுத்தும் காயும்வரை இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றது.